சுடுதான்னு பார்க்கறது டெஸ்ட் இல்ல: பிஸ்டலைக் கழட்டி மாட்டின வரலாறு

இந்த எபிசோடை சமையலறையில இருந்து ஆரம்பிக்கலாம். குக்கரைக் கழுவியாச்சு. அரிசி, தண்ணி போட்டு மூடியாச்சு, வெயிட் போட்டாச்சு, அடுப்பையும் பத்த வெச்சாச்சு. ஆனா கேஸ்கெட் மட்டும் சிங்க்ல கிடக்குது. வெளியில இருந்து பார்த்தா மூடி சரியா உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பத்து நிமிஷம் கழிச்சு விசில் வராம, ஓரமா ஆவி கசியும்போதுதான் நமக்கு உறைக்கும். அந்த விஷயத்துல குக்கர் நல்லது. "என்னைத் தப்பா மாட்டியிருக்கே"ன்னு அதுவே சொல்லிடுது.

இன்னிக்குப் பேசப்போறது அப்படி எப்பவும் சொல்லாத ஒரு பொருளைப் பத்தி. பிஸ்டல்.

புதுசா ஒரு பிஸ்டல் ஃபேக்டரியில இருந்து வரும்போது, துருப்பிடிக்காம இருக்க எண்ணெயோ கிரீஸோ பூசித்தான் வரும். முதல் தடவை பயன்படுத்துறதுக்கு முன்னாடி கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்டணும். அப்புறம் ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் உள்ளே படியற கரியை எடுக்க இதே வேலை. மாட்டி முடிச்ச உடனே வர்ற கேள்விதான் நம்ம டாபிக்: சரியாத்தான் மாட்டியிருக்கோமா? அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம்ம ஊர்ல இது ராணுவம், போலீஸ், லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க கவலை. எனக்கு இதுல ஆர்வம் வந்ததுக்குக் காரணம் வேற. கோடு எழுதறவங்களுக்குத் தெரியும், கம்பைல் ஆச்சுங்கறதும் சரியா ஓடுதுங்கறதும் ஒண்ணு இல்ல. அந்த வித்தியாசத்தை இரும்புல, உயிரைப் பணயம் வெச்சுக் கத்துக்கிட்ட ஒரு துறையோட கதை இது.

பாகம் பொருந்தணுமே முதல்ல

18-ஆம் நூற்றாண்டுல போய் ஒரு சிப்பாய்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா அவருக்குப் புரிஞ்சே இருக்காது. ஏன்னா அப்போ ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கொல்லர் அரம் வெச்சு ராவி ராவிப் பொருத்தினது. இந்தத் துப்பாக்கியோட திருகாணி அடுத்த துப்பாக்கிக்குப் போகாது. ஒரு பாகம் உடைஞ்சா மறுபடியும் கொல்லர்கிட்டதான் போகணும்.

1785-ல தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸ்ல அமெரிக்கத் தூதரா இருந்தார். அங்கே ஹோனோரே ப்ளாங்க்னு ஒரு துப்பாக்கித் தொழில்நுட்பக்காரர், 50 துப்பாக்கிகளோட விசைப் பகுதியைத் தனித்தனியாக் கழட்டி, பாகவாரியாப் பிரிச்சு, ஜெஃபர்சன் முன்னாடி வெச்சார். ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகத்தை எடுத்து அவரே சிலதை மாட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாப் பொருந்திச்சு. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். கவனிங்க, துப்பாக்கி செய்யத் தெரியாத ஒரு ஆள் மாட்டினார், அது சரியா உட்கார்ந்துச்சு. இந்த மொத்தக் கதைக்கும் விதை அதுதான்.

1801-ல அமெரிக்காவுல எலி விட்னி இதே மாதிரி ஒரு செயல்விளக்கம் காட்டினார். 10,000 துப்பாக்கிகளை ரெண்டு வருஷத்துல தர்றேன்னு 1798-ல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டவர் அவர். கெடு தாண்டிப் போயிருந்த நேரம் அது. பாகங்களைக் கலந்து மாட்டிக் காட்டினார், பார்த்தவங்க மயங்கிட்டாங்க. ஆனா பிற்காலத்துல ஆராய்ச்சியாளர்கள் அவர் செஞ்ச துப்பாக்கிகளை எடுத்துக் கழட்டிப் பார்த்தா, பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடற அளவுக்கு ஒரே மாதிரி இல்ல. ஐடி கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. டெமோவுல எல்லாமே ஓடும்.

டெமோவை நம்பாம, நிபந்தனையை எழுத்துல கொண்டுவந்தது 1813-ல. அதுவும் பிஸ்டலுக்குத்தான். கனெக்டிகட்டைச் சேர்ந்த சைமியன் நார்த், 20,000 பிஸ்டல்கள் செய்ய அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டார். அந்த இருபதாயிரத்துல எந்த ஒரு பிஸ்டலோட பாகமும் வேற எந்தப் பிஸ்டலுக்கும் பொருந்தணும்னு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்துச்சு. இப்போ "சரியா மாட்டினோமா"ங்கற கேள்விக்கு ஒரு அர்த்தம் வந்துடுச்சு. ஏன்னா "சரி"ன்னா என்னன்னு ஒரு அளவு இருக்கு.

எந்தப் பக்கம் கழளுது?

இப்போ நூறு வருஷம் தாண்டலாம். தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கற பிஸ்டல்கள் வந்த காலம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேல இருக்கிற ஸ்லைடுங்கற இரும்புக் கூடு வேகமாப் பின்னால, அதாவது சுடறவர் முகத்தைப் பார்த்து வரும், ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால தள்ளும். பழைய ரிவால்வர்ல இப்படி முகத்துக்கு நேரா ஓடற பாகம் எதுவும் கிடையாது.

ஜான் பிரௌனிங், அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துக்காரர். கோல்ட் கம்பெனிக்காக அவர் வடிவமைச்ச 1900, 1902 மாடல்கள்ல ஒரு சங்கதி இருந்துச்சு. ஸ்லைடு ஃப்ரேமோட பின்பக்கமா உருவி எடுக்கிற மாதிரி அமைஞ்சது. அது அப்படி வந்துடாம தடுக்கறது, முன்பக்கம் குறுக்கே செருகியிருக்கிற ஒரு சின்ன ஆப்பு. சுத்தம் பண்ணணும்னா அந்த ஆப்பை எடுக்கணும். முடிச்சதும் திரும்பச் செருகணும்.

இப்போ அந்த ஆப்பு உடைஞ்சாலோ, செருகாம விட்டுப்போனாலோ என்ன ஆகும்னு யோசிங்க. சுடும்போது பின்னால வர்ற ஸ்லைடை நிறுத்த எதுவும் இல்ல. அது நேரா வந்து சேர்ற இடம் சுடறவரோட முகம். பிஸ்டல் கையில எடுக்கும்போது முழுசாத்தான் இருக்கும். ஒரு சின்ன இரும்புத் துண்டு மட்டும் மேஜை மேல இருக்கும்.

பிரௌனிங் இதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் இல்ல. வடிவத்தையே திருப்பிட்டார். 1910 வாக்குல வந்த மாதிரிகள்லயும், அதுல இருந்து பிறந்த 1911 மாடல்லயும் ஸ்லைடு முன்பக்கமாத்தான் கழளும். பின்னால வரும்போது ஃப்ரேமே அதைத் தடுத்து நிறுத்திடும். முன்பக்க ஆப்புங்கற பாகமே இல்லாமப் போச்சு. மறந்துபோகக் கூடிய ஒரு பாகத்தை மறக்காதேன்னு சொல்றதை விட, அந்தப் பாகமே தேவைப்படாம பண்றது மேல். இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான ராணுவப் பிஸ்டல்கள்ல ஸ்லைடு முன்பக்கமாத்தான் கழளுது.

லூகர்: அழகு, ஆனா வம்பு

அதே காலத்துல ஐரோப்பாவுல ஜார்ஜ் லூகரோட பிஸ்டல் புகழ்பெற்றுச்சு. சுவிட்சர்லாந்து 1900-லயும், ஜெர்மன் ராணுவம் 1908-லயும் இதை ஏத்துக்கிட்டாங்க. பழைய போர்ப் படங்கள்ல ஜெர்மன் அதிகாரி கையில இருக்குமே, முழங்கால் மாதிரி மேல மடங்கற பிஸ்டல், அதுதான்.

இதோட சின்னச் சின்ன பாகங்கள்ல கூட சீரியல் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் குத்தியிருக்கும். காரணம், பாகங்களைக் கையால ராவிப் பொருத்தியிருந்தாங்க. பத்துப் பேர் ஒரே மேஜையில கழட்டித் துடைச்சா, அவங்கவங்க பாகம் அவங்கவங்களுக்குத்தான் போகணும். நார்த்தோட ஒப்பந்தம் முடிஞ்சு நூறு வருஷம் ஆகியும் நிலைமை இதுதான்.

மாட்டறதுலயும் ஒரு நுணுக்கம். உள்ளே ஒரு சின்ன கொக்கி இணைப்பு தொங்கும். அது கைப்பிடிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கோட நெம்புகோல்ல மாட்டினாத்தான் ஸ்பிரிங் விசை மேல வரும். அதுக்காகப் பிஸ்டலைத் தலைகீழாப் பிடிச்சு மாட்டணும், அப்போதான் கொக்கி சரியான இடத்துல விழும். விழலேன்னாலும் பார்க்கறதுக்கு லூகர் லூகர் மாதிரியேதான் இருக்கும். மேல் பாகத்தைப் பின்னால இழுத்து விட்டா ஸ்பிரிங்கோட இழுவை இருக்காது. அந்த ஒரு இழுப்புதான் சோதனை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. லூகரோட விசையமைப்புல முக்கியமான பட்டை பேரலோட இடப்பக்கம் வெளியிலயே இருக்கும். சேம்பர்ல ஒரு தோட்டாவை விட்டுட்டு, மேல் பாகத்தை மட்டும் தனியாக் கழட்டி எடுத்தாலும், அந்தப் பட்டையை அழுத்தினா வெடிக்கும். கைப்பிடி இல்ல, ட்ரிகர் இல்ல, ஆனாலும் அது துப்பாக்கிதான். "கழட்டியாச்சு, இனி பயமில்ல"ன்னு நினைக்கக் கூடாதுன்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

ஆறாயிரம் ரவுண்டு

1911 மார்ச்ல அமெரிக்க ராணுவம் கடைசிச் சுற்றுப் பரிசோதனை வெச்சுது. ஒரு பக்கம் பிரௌனிங் வடிவமைச்ச கோல்ட், இன்னொரு பக்கம் சாவேஜ் கம்பெனியோட பிஸ்டல். ஒவ்வொண்ணுலயும் 6,000 ரவுண்டு சுடணும். நூறு ரவுண்டுக்கு ஒரு தடவை ஆற விடுவாங்க. ஆயிரத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி எண்ணெய் போடுவாங்க. சாவேஜ் 37 தடவை தடுமாறிச்சு. கோல்ட் ஒரு தடவை கூட நிக்கலைன்னு பதிவாச்சு. மார்ச் 29 அன்னிக்கு ராணுவம் அதை ஏத்துக்கிட்டது. 1985-ல வேற பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும், 74 வருஷம், அதுதான் அவங்க அதிகாரப்பூர்வ கைத்துப்பாக்கி.

இந்தக் கதையை எல்லாரும் "எவ்வளவு உறுதி பாருங்க"ன்னுதான் சொல்வாங்க. எனக்கு அந்த ஆயிரத்துக்கு ஒரு தடவைங்கற இடம்தான் முக்கியமாப் படுது. பரீட்சை நடக்கும்போதே நடுவுல திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணிட்டு வந்து, விட்ட இடத்துல இருந்து அதே மாதிரி வேலை செய்யணும். பராமரிப்பும் பரீட்சையோட ஒரு பகுதியா இருந்துச்சு.

"கூடாது"ன்னு சொல்ற நாலு சோதனை

சரி, 1911 கையில இருக்கு. துடைச்சு மாட்டியாச்சு. எப்படிச் சரிபார்க்கறது? அமெரிக்க ராணுவம் 1940-ல வெளியிட்ட கையேட்டுல, எஃப்எம் 23-35, இதுக்குன்னே சோதனைகள் இருக்கு. பிஸ்டல் காலியாத்தான் இருக்குன்னு உறுதி பண்ணின பிறகுதான் எல்லாமே.

முதல் சோதனை: ஹேமரைப் பின்னால இழுத்து நிறுத்தி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்து. ஹேமர் விழக் கூடாது.

ரெண்டாவது: கைப்பிடியோட பின்பக்கம் ஒரு தகடு இருக்கு, கிரிப் சேஃப்டி. கை அதை அழுத்திப் பிடிச்சிருந்தாத்தான் சுடும். அதை அழுத்தாம ட்ரிகரை மட்டும் அழுத்து. விழக் கூடாது.

மூணாவது: ஹேமரைப் பாதி தூரம் மட்டும் இழுத்து, அங்கே இருக்கிற வெட்டுல நிறுத்து. ட்ரிகரை அழுத்து. விழக் கூடாது.

நாலாவதுதான் எனக்குப் பிடிச்சது. ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு ட்ரிகரை அழுத்து. விழக் கூடாது. ட்ரிகரை விடாம ஸ்லைடை மட்டும் முன்னால விடு. அப்பவும் விழக் கூடாது. இப்போ ட்ரிகரை விட்டுட்டு, மறுபடி அழுத்து. இப்போதான் விழணும். இது டிஸ்கனெக்டர்ங்கற பாகத்துக்கான சோதனை. ஸ்லைடு முழுசா மூடாம சுடக் கூடாது, ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டாதான் போகணும், இந்த ரெண்டையும் கவனிச்சுக்கறது அதுதான். அது வேலை செய்யலைன்னா, ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டாங்கற கட்டுப்பாடே போயிடலாம்.

இந்தப் பட்டியல்ல எத்தனை "கூடாது" வந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. "விழணும்"னு வர்றது ஒரே ஒரு தடவைதான். இதைத்தான் இந்த எபிசோடுல நான் சொல்ல வந்தேன். பிஸ்டல் சுடுதான்னு பார்க்கறது டெஸ்ட் இல்ல. சுடக் கூடாத நேரத்துல சுடாம இருக்குதான்னு பார்க்கறதுதான் டெஸ்ட்.

ஏன்னா தப்பா மாட்டின பிஸ்டல் பல நேரம் நல்லாவே சுடும். 1911-க்குள்ள மூணு விரல் மாதிரி பிரிஞ்ச ஒரே ஒரு தகட்டு ஸ்பிரிங் இருக்கு. இடது விரல், ஹேமரைப் பிடிச்சு நிறுத்தற பாகத்தைத் தள்ளுது. நடு விரல் டிஸ்கனெக்டரையும் ட்ரிகரையும். வலது விரல் கிரிப் சேஃப்டியை. சாதாரணமாத் துடைக்கும்போது இதைத் தொட வேண்டியதில்ல. முழுசாப் பிரிச்சுப் போடும்போதுதான் இது வெளியில வரும். திரும்ப வைக்கும்போது ஒரு விரல் நழுவி வேற இடத்துல உட்கார்ந்துட்டா, கைப்பிடியை மூடின பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. வலது விரல் மட்டும் வேலை செய்யலைன்னு வெச்சுக்குங்க. ட்ரிகர் அழுத்தினா சுடும். குறி பார்த்த இடத்துல தோட்டா போகும். ஆனா கைப்பிடியைப் பிடிக்காமலே சுடற நிலைமையில அது இடுப்பு உறையில தொங்கிட்டு இருக்கும். விசில் வராத குக்கர் மாதிரி எந்தச் சத்தமும் தராது.

பாகத்தைக் குறை, தப்பைக் குறை

பிரௌனிங் 1926-ல பெல்ஜியத்துல எஃப்என் ஆலையில வேலை செஞ்சுட்டு இருக்கும்போதே இறந்துபோனார். அவர் விட்டுட்டுப் போன வடிவத்தை டியூடோனே சைவ் முடிச்சார். 1935-ல ஹை-பவரா வந்துச்சு. 1911-ல பேரலுக்குக் கீழ தனியா ஆடிட்டு இருந்த ஒரு இணைப்புத் துண்டு இதுல இல்ல. பேரலோட சேர்த்தே வார்த்த மாதிரி ஒரு சரிவு அந்த வேலையைச் செய்யும். தனியாச் சாயறதுக்கு ஒரு பாகம் குறைஞ்சது. நம்ம நாட்டுல இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்யற 9 மிமீ பிஸ்டல் ஆட்டோ 1ஏ, இந்த ஹை-பவர் வழி வந்ததுதான்.

அப்புறம் 1980-கள். ஆஸ்திரிய ராணுவம் புதுப் பிஸ்டல் தேடுது. கருவி எதுவும் இல்லாம கழட்டி மாட்டணும், ஒரு பிஸ்டலோட பாகம் இன்னொண்ணுக்குப் பொருந்தணும், மொத்த பாகம் 58-ஐத் தாண்டக் கூடாதுன்னு நிபந்தனைகள். காஸ்டன் க்ளாக் 1982-ல ஜெயிச்சார். அவரோட பிஸ்டல்ல 34 பாகம்தான். சுத்தம் பண்ண நாலு துண்டாப் பிரிச்சாப் போதும்: ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், ஃப்ரேம்.

இவ்வளவு எளிமையாக்கினதுல ஒரு விலை ஒளிஞ்சிருந்தது. க்ளாக்கைக் கழட்டணும்னா முதல்ல ட்ரிகரை அழுத்தணும். அதுக்கு முன்னாடி மேகசினை எடுக்கணும், அப்புறம் ஸ்லைடை இழுத்து சேம்பரைப் பார்க்கணும். இந்த வரிசை மாறினா கதையே மாறிடும். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தா, பழைய தோட்டா வெளியில விழும். கண்ணு அதைப் பார்த்து "காலி"ன்னு முடிவு பண்ணும். ஸ்லைடு மூடும்போது மேகசின்ல இருந்து புதுத் தோட்டா உள்ளே போயிருக்கும். அடுத்த வேலை ட்ரிகரை அழுத்தறது. "துப்பாக்கியைத் துடைக்கும்போது குண்டு பாய்ந்தது"ன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அது இப்படியும் நடக்கும். ரெண்டு வேலையும் செஞ்சாங்க, வரிசைதான் தப்பு.

பின்னால வந்தவங்க இதுலயும் பாடம் படிச்சாங்க. 2005-ல ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த எம் அண்ட் பி பிஸ்டல்ல, உள்ளே ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளிட்டா ட்ரிகரை அழுத்தாமலே கழட்டலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரௌனிங் ஆப்பை ஒழிச்ச மாதிரிதான் இது. ஆபத்தான படியை எச்சரிக்கையால மூடாம, படியையே எடுத்துட்டாங்க.

இருந்தாலும்

வடிவமைப்பு எவ்வளவு முன்னேறினாலும், மாட்டி முடிச்ச பிறகு செய்யற சோதனை மட்டும் ஒழியலை. க்ளாக்லயும் இன்னிக்கு இருக்கு. காலின்னு உறுதி பண்ணு. ஸ்லைடை இழுத்து விடு. பாதுகாப்பான பக்கம் திருப்பி ட்ரிகரை அழுத்து, கிளிக்னு கேட்கணும். அழுத்தினபடியே ஸ்லைடை மறுபடி இழுத்து விடு, ஒண்ணும் நடக்கக் கூடாது. ட்ரிகரை மெதுவா விடு, அது முன்னால வந்து நிக்கணும். 1940 கையேட்டுல இருந்த நாலாவது சோதனையோட பேரப்பிள்ளைதான் இது.

புதுப் பிஸ்டல்னா இதுல கூடுதலா ஒரு சிக்கல். மாட்டின பிறகு ஸ்லைடு கொஞ்சம் இறுக்கமா இருந்தா, அது புது ஸ்பிரிங்கோட இயல்பா, இல்ல நாம மாட்டினதுல கோளாறா? பழகின கைக்குத் தெரியும், புதுக் கைக்கு ஒப்பிட எதுவும் இல்ல. அதனால, காலின்னு பார்த்த பிறகு, கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு தடவை இதே சோதனைகளைச் செஞ்சு பார்த்துடறது நல்லது. ஃபேக்டரியில மாட்டினபோது எப்படி இருந்துச்சுன்னு கைக்கு ஒரு கணக்கு கிடைக்கும். நம்ம மொழியில சொன்னா, மாத்தறதுக்கு முன்னாடி பேஸ்லைன் எடுத்து வெச்சுக்கறது. சோதனையில ஏதாவது ஒண்ணு பிசகினா, "சும்மா ஒரு ரவுண்டு சுட்டுப் பார்ப்போம்"ங்கற பேச்சே கிடையாது. ஆர்மரர்கிட்ட, துப்பாக்கி ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட போயிடணும்.

ப்ளாங்க்ல இருந்து க்ளாக் வரைக்கும் எல்லாருமே மாட்டறவரோட ஞாபகத்தை நம்பாம வேலை செய்யத்தான் பார்த்தாங்க. பாகத்தை ஒரே மாதிரி ஆக்கினாங்க, குறைச்சாங்க, கழளற திசையைத் திருப்பினாங்க. கடைசியா மிஞ்சி இருக்கறது ஒரு நிமிஷத்துக்குள்ள முடியற ஒரு சோதனை. அதை மட்டும் மாட்டினவரே செஞ்சாகணும், ஒவ்வொரு தடவையும்.

நீங்க வேலை செய்யற இடத்துல, அது சர்வரோ, லிஃப்ட்டோ, ஆஸ்பத்திரி மெஷினோ, "நடக்கக் கூடாதது நடக்காம இருக்கா"ன்னு பார்க்கிற சோதனை எதுன்னு யோசிச்சு எழுதி அனுப்புங்க. வர்ற பதில்களை வெச்சு ஒரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.